உமறுப்புலவர் பயின்ற இரு பள்ளிகள்

யாப்பும் நடையும் கைவந்தால் எழுத்துக்கலை நிறைவெய்திவிடும் எனக் கருதுவோர்க்கு உமறுப்புலவரின் வரலாறு தக்க விடையாகும். 17ஆம் நூற்றாண்டில் எட்டயபுரம் அரண்மனைப் புலவர் கடிகைமுத்துப் புலவரிடம் அவர் தமிழ் கற்றுத் தேர்ந்தார். எனினும், அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்வைப் பாட முற்பட்டபோது அக்கல்வி மட்டும் போதவில்லை. சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களை நாடினார் என்றும், பின்னர்ப் பரங்கிப்பேட்டை அறிஞரிடம் அரபு மூலங்களின் பொருளைக் கேட்டறிந்தார் என்றும் மரபுச் செய்தி கூறும்.

சீறாப்புராணத்தில் இவ்விரு கல்வியும் தெளிவாகத் தெரிகின்றன. நாட்டுப் படலத்தில் அரபு மண் தமிழ் மருதநிலமாக மாறுவது முதற்பள்ளியின் பயன். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்துக் காண்டங்களாக வரலாறு ஒழுங்குபெறுவது இரண்டாம் பள்ளியின் பயன். முன்னது அழகு தந்தது. சமுதாயம் இக்காப்பியத்தைத் தன்னுடையதாக ஏற்றது பின்னதனாலேயே என்பது எமது துணிபு.

இப்பாடம் இக்காலத்திற்கும் உரியது. திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டு ஏரியையும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையையும் புனைகதையாக்க விழையும் இளைஞர், சிறுகதையின் வடிவத்தை நூல்களில் கற்கலாம். ஆனால், ஏரியில் வலை வீசுவோரிடமும் ஆலையில் இரவுப்பணி முடித்துத் திரும்புவோரிடமும் கேட்டறியாதவரை, அவர் எழுத்து பாலையில் வரைந்த மருதமாகவே நின்றுவிடும்.