முதுகுப்பையில் பியர்: எடையைக் குறைத்தால் போதுமா?

மதுரையைச் சுற்றி மலைக்குப் பஞ்சமில்லை. மேற்கே நாகமலை, கீழக்குயில்குடி சமணமலை, வடகிழக்கே ஒத்தக்கடை யானைமலை, அதைத் தாண்டி அரிட்டாபட்டி, வடக்கே அழகர்மலை, வாடிப்பட்டிப் பக்கம் சிறுமலை அடிவாரம். விடுமுறை நாள்களில் முதுகுப்பையோடு இங்கெல்லாம் ஏறிவரும் இளைஞர்களைப் பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது. அவர்களில் சிலர் பையில் பியரும் வைத்துக்கொள்கிறார்கள். பாட்டிலை விட்டு டின்னுக்கு மாறிவிட்டதால் சுமையும் இல்லை, குப்பையும் இல்லை என்பது அவர்கள் வாதம். இதை ஒழுக்கக்கேடு என்று தள்ளிவிடவும் வேண்டாம், அவரவர் விருப்பம் என்று விட்டுவிடவும் வேண்டாம். வாதத்தை அதன் போக்கிலேயே எடைபோட்டுப் பார்க்கலாம்.

டின்னின் பக்கம் நியாயம் இருக்கிறது. 650 மி.லி. கண்ணாடி பாட்டில் பியர் ஒரு கிலோவைத் தாண்டும். அதில் ஏறக்குறைய பாதி வெறும் கண்ணாடி. 500 மி.லி. அலுமினிய டின்னோ காலியானால் 20 கிராம்கூட இராது. பாறையில் விழுந்தால் நசுங்குமே தவிர, சில்லாகத் தெறிக்காது. மிதித்துத் தட்டையாக்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம். பழைய இரும்புக் கடையில் காசும் கிடைக்கும். ஏறி முடித்த களைப்பில் நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து எதையாவது பகிர்ந்து குடிப்பதில் உள்ள தோழமையும் பொய்யில்லை.

எடையை இன்னும் குறைக்க அமெரிக்காவில் ஒரு வழி கண்டார்கள். தண்ணீரைப் பெருமளவு குறைத்துக் காய்ச்சிய பியர்ச் சாறு 50 மி.லி. பாக்கெட்டில் வந்தது. ஓடைநீரைச் சேர்த்து, கைக்கருவியால் வாயுவேற்றினால் அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவான பியர் தயார். பியரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான் என்பதால் இது நல்ல யோசனை. ஆனால் வழியில் நல்ல தண்ணீர் ஓடினால்தான் இந்தக் கணக்கு பலிக்கும். நம் பாறைமலைகளில் கிடைப்பது மழையை நம்பிய சுனைகள். சித்திரை வெயிலில் பல வற்றிவிடும். வற்றாதவை ஊராரும் ஆடுமாடும் பறவைகளும் நம்பியிருப்பவை. எனவே இங்கே குடிநீர் முழுவதையும் கீழிருந்தே சுமக்க வேண்டும். பையில் பியருக்கு ஒதுக்கும் ஒவ்வொரு அரை லிட்டரும் தண்ணீருக்கு உரிய இடம்.

எடைதான் அளவுகோல் என்றால் அது இன்னொரு ஆபத்தான முடிவுக்கும் இழுத்துச் செல்லும். 5 சதவீத பியர் 650 மி.லி.யில் சுமார் 26 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 42.8 சதவீத மது ஒரு குவார்ட்டரில், அதாவது 180 மி.லி.யில், சுமார் 61 கிராம். குறைந்த எடையில் அதிக போதை வேண்டும் என்றால் குவார்ட்டர்தான் ஜெயிக்கும். செங்குத்துப் பாறையின் விளிம்பில் அதைவிடக் கெட்ட துணை வேறில்லை. பியரின் உண்மையான நன்மை அதன் போதை குறைவு என்பதே. டின்னின் எடைக்குறைவு அதற்கு அடுத்தபடிதான். டாஸ்மாக்கில் வாங்குவது ‘ஸ்ட்ராங்’ வகையாக இருந்தால் அந்த நன்மையும் தேய்ந்துபோகும்.

அடுத்து உடம்பு. சிறுநீரை மட்டுப்படுத்தும் ஹார்மோனை ஆல்கஹால் அடக்குகிறது. குடித்த நீர் உடலில் தங்குவது குறைகிறது. கோடையில் மதுரை வெயில் 40 டிகிரியைத் தொடும்போது, சூடேறிய கருங்கல்லில் வியர்த்து நிற்பவருக்கு இது சின்ன இழப்பில்லை. கால் தடுமாறுவதும் பெரும்பாலும் இறங்கும்போதுதான். உச்சியில் குடித்தவர் அதற்குப் பிறகே அந்த இறக்கத்துக்கு வருகிறார்.

“மலையடிவாரத்தில் மது புதுசா?” என்று கேட்பார்கள். புதிதில்லை. இந்த வட்டாரத்துக் காவல் தெய்வங்கள் சிலவற்றுக்குச் சாராயமும் சுருட்டும் படைப்பது பழைய வழக்கம். ஆனால் அந்தப் படையலுக்கு நாள் உண்டு, இடம் உண்டு, முன்னின்று நடத்த ஊர்ப் பெரியவர்கள் உண்டு. யார் எங்கே உட்காரலாம், எதை எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும். முதுகுப்பையில் வரும் பியருக்கு அப்படி எந்தக் கட்டும் இல்லை. அதை யாரும் கேட்பதில்லை. அதனால் அதற்கு யாரும் பொறுப்பேற்பதும் இல்லை.

பொறுப்பில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை நீலகிரி காட்டியது. காட்டில் எறிந்த பாட்டில் சில்லுகள் யானைகளின் காலைக் கிழித்தன. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. 2022 மே மாதம் அங்குள்ள டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் தந்தால் திருப்பிக் கொடுக்கும் திட்டம் வந்தது. பிறகு வேறு மாவட்டங்களுக்கும் விரிந்தது. அறிவுரையால் நகராத பாட்டில் பத்து ரூபாயால் கடைக்குத் திரும்பியது. டின்னால் குப்பை வராது என்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். பழைய இரும்புக் கடையில் காசு கிடைக்கும் என்றாலும், நசுக்கிய டின்னைக் கீழே கொண்டுவருவது பெரும்பாலும் குடித்தவரின் மனசாட்சியையே நம்பியிருக்கிறது.

நம் மலைகளில் அந்த நம்பிக்கை போதாது. சமணமலையின் செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் ஆயிரம் ஆண்டு கடந்த தீர்த்தங்கரர் சிற்பங்களும் வட்டெழுத்துகளும் இருக்கின்றன. அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். லகர் வல்லூறு வாழும் குன்றுகள் அவை. அங்கே டங்ஸ்டன் சுரங்கம் வரவிருந்தபோது ஊர் ஊராகத் திரண்டு போராடினார்கள். 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அப்படிக் காப்பாற்றிய மக்களுக்கு, விருந்தாளியாக வருகிறவர் வைக்கும் குறைந்தபட்ச மரியாதை, அவர்கள் வழிபடும் பாறையைக் குடிக்கும் இடமாக்காமல் இருப்பது. வனத்துறையின் மலையேற்றப் பாதைகளில் மதுவுக்கு ஏற்கெனவே தடை இருக்கிறது. வழிகாட்டி இல்லாத, பெயர்ப்பலகை இல்லாத குன்றுகளில்தான் இது நம் பொறுப்பாகிறது.

ஆக, டின் நல்ல மாற்றுதான். ஆனால் அது சுமப்பவரின் முதுகுவலியை மட்டும் தீர்க்கிறது. தண்ணீர்ப் பஞ்சம், இறக்கத்து ஆபத்து, ஊராரின் மனம் ஆகிய மூன்றையும் அது தொடவே இல்லை. பியர் வேண்டுமென்றால் மலை இறங்கி, வண்டியை ஓட்ட வேறொருவர் இருக்கும் நாளில், அனுமதி உள்ள இடத்தில் குடிக்கலாம். மேலே போகும் பையில் ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், கொஞ்சம் உப்புப் போட்ட நீர்மோர், கடலை மிட்டாய் இருந்தால் போதும். அரசு, காலி பாட்டிலுக்குக் காசு கொடுப்பதுபோல் டின்னுக்கும் கொடுக்கட்டும். மலையேற்றக் குழுக்கள் ‘மேலே மது இல்லை’ என்பதைப் புறப்படும்போதே சொல்லி, அதற்கு ஒப்புக்கொண்டவர்களை மட்டும் அழைத்துப் போகட்டும்.