பட்டப்பெயரும் பயிற்சிமொழியும்: இந்திய மருத்துவ உளவியல் உயர்கல்விக் கொள்கை குறித்து ஒரு மதிப்பீடு

பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் அறிவித்த முனைவர் பட்ட நெறிமுறைகள், உயர்கல்வி நிறுவனங்கள் ஆய்வியல் நிறைஞர் பட்டத்தை இனி வழங்கலாகாது என்றன. தமிழ், வரலாறு முதலிய துறைகளில் அப்பட்டம் முனைவர் ஆய்வுக்கு முந்தைய படிநிலை. அதை நீக்கியதால் பெரிய இடர் எதுவும் நேரவில்லை. மருத்துவ உளவியலின் நிலை வேறு. அங்கு ஆய்வியல் நிறைஞர் என்பது பெயரளவில் மட்டுமே ஆய்வுப் பட்டம். நடைமுறையில் அது தொழிற்பதிவுக்குரிய ஈராண்டு மருத்துவமனைப் பயிற்சி. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மருத்துவ உளவியலாளரை வரையறுக்குமிடத்தில் இப்பட்டத்தையும், மேற்பார்வையுடன் கூடிய முழுநேரப் பயிற்சியையும் வெளிப்படையாகவே சுட்டுகிறது. சட்டம் தகுதியெனக் கொண்டதை நெறிமுறை நீக்கிவிட்டது. பின்னர் 2024 ஜனவரியில், இப்படிப்புக்கும் உளமருத்துவச் சமூகப்பணிப் படிப்புக்கும் மட்டும் 2025–26 கல்வியாண்டு வரை நீட்டிப்பு வழங்கப்பட்டது. பட்டத்தின் பெயரை மட்டும் நோக்கி உள்ளீட்டை நோக்காத கொள்கைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அமெரிக்காவில் 1949இல் போல்டரிலும் 1973இல் வெயிலிலும் கூடிய மாநாடுகள், உருவாக வேண்டியவர் ஆய்வாளரா, சிகிச்சையாளரா, இருவருமா என்ற வினாவிலிருந்து தொடங்கின. பட்டத்தின் பெயர் அவ்வினாவைத் தொடர்ந்து வந்தது. நம்மிடையே வரிசை தலைகீழாக உள்ளது.

பட்டம் எதுவாயினும், பயிற்சி எம்மொழியில் நிகழ்கிறது என்ற வினா எஞ்சுகிறது. மேற்சுட்டிய சட்ட வரையறையில் மொழி பற்றிய குறிப்பே இல்லை. நோயாளி தமிழில் பேசுகிறார். பயிற்சியாளர் ஆங்கிலத்தில் குறிப்பெழுதுகிறார். மேற்பார்வையாளர் அக்குறிப்பைக் கொண்டே வழிகாட்டுகிறார். “மனசு விட்டுப்போச்சு” என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். ஒருவர்மீது கொண்ட பற்று அற்றதையும் அது குறிக்கலாம். வாழ்வின்மீது கொண்ட பற்று அற்றதையும் குறிக்கலாம். பின்னது தற்கொலை இடரை உடனே ஆராய வேண்டிய நிலை. நம்பிக்கையிழப்பு எனும் பொருள்தரும் ஒற்றை ஆங்கிலச் சொல்லாக அது குறிப்பேட்டில் பதிவாகும்போது, மேற்பார்வையாளர் கேட்டிருக்க வேண்டிய வினா கேட்கப்படாமலே போகிறது. ‘மனச்சோர்வு’ எனக் கலைச்சொல் தந்துவிடுவதாலும் இக்குறை தீராது. அது பாடநூலின் சொல், நோயாளியின் சொல் அன்று.

சோதனைக் கருவிகளின் நிலையும் இதுவே. இந்தியாவில் நெடுங்காலமாக வழக்கிலுள்ள பினே–காமத் நுண்ணறிவுச் சோதனை, 1930களில் கன்னடம், மராத்தி பேசும் குழந்தைகளைக் கொண்டு வடிவமைக்கப்பட்டது. மொழிபெயர்ப்பு வேறு, தரப்படுத்தல் வேறு என்பதை உளவியல் மாணவர் முதலாண்டிலேயே கற்கிறார். பணியிடத்தில் அதை மறக்க நேர்கிறது.

நோயாளியின் கூற்று அவர் மொழியிலேயே நோயாளர் வரலாற்றில் பதிவாக வேண்டும் என்ற விதியைப் பாடத்திட்டத்தில் சேர்க்கப் புதிய பட்டமோ பெருநிதியோ தேவையில்லை. தமிழ்க் குழந்தைகளுக்கெனச் சோதனைகளைத் தரப்படுத்தும் பணிக்கோ இரண்டாண்டுப் பயிற்சிக்காலம் போதாது. உளவியல் துறையும் மொழியியல் துறையும் இணைந்து வழிநடத்தும் முனைவர் ஆய்வாகவே அது அமைய முடியும். அத்தகைய கூட்டு நெறியாள்கைக்குப் பல்கலைக்கழகங்கள் இடமளிக்கின்றனவா என்பதிலிருந்தே விவாதம் தொடங்க வேண்டும்.