கோலம் வரையப்படுகிறது

அரசுப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கும் தோழி ஒருத்தி, மொழியைத் திருத்தித் தரச் சொல்லி எட்டுப் பக்கப் பாடக்குறிப்பு ஒன்றை எனக்கு அனுப்பினாள். ஆசிரியர்கள் காசு வாங்காமல் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் குறிப்புகளில் அதுவும் ஒன்று. கோலத்தை வைத்துக் கணிதம், உயிரியல், தமிழ் மூன்றையும் சேர்த்துச் சொல்லித்தருகிறது. எழுதியவர் பெயர் எங்கும் இல்லை. பல கைகள் மாறி அவளிடம் வந்திருக்கிறது.

நல்ல பாடம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மூன்றுக்கு இரண்டாகப் புள்ளி வைத்து, எல்லாப் புள்ளிகளையும் சுற்றி, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே ஒவ்வோர் இடத்திலும் குறுக்கிடும்படி சிக்குக் கோலம் போட்டால் ஒரே கம்பியில் முடிந்துவிடும். மூன்றுக்கு மூன்று வைத்தால் மூன்று கம்பிகள். நான்குக்கு ஆறு வைத்தால் இரண்டு. கம்பிகளின் எண்ணிக்கைதான் அந்த இரு எண்களின் மீப்பெரு பொதுக் காரணி. ஆறாம் வகுப்புப் பிள்ளை நோட்டில் வகுத்து வகுத்துக் கண்டுபிடிப்பதைத் தரையில் விரலால் தொட்டு அறிகிறது. அரிசி மாவைத் தேடி எறும்பு வருகிறதே, கல்மாவைத் தேடி ஏன் வருவதில்லை என்ற கேள்வியில் உயிரியல் தொடங்குகிறது.

திருத்த உட்கார்ந்த நான் வினைச்சொற்களில் நின்றுவிட்டேன். 'புள்ளிகள் வைக்கப்படுகின்றன.' 'கோலம் வரையப்படுகிறது.' வைப்பது யார், வரைவது யார்? அறிவியல் நடைக்குச் செயப்பாட்டு வினைதான் பொருத்தம் என்று யாரேனும் சொல்லலாம். ஆனால் அதே பக்கத்தில், கோனிக்ஸ்பர்க் நகரத்து ஏழு பாலங்களின் புதிரை '1736இல் ஆய்லர் தீர்த்தார்' என்று இருக்கிறது. அவருக்குச் செய்வினை; பெயரும் ஆண்டும் உண்டு. நம் வாசல்களில் விடியுமுன் குனிந்து நின்றவர்களுக்கு எழுவாய்கூட இல்லை. பேச்சில் நாம் கோலம் 'போடுகிறோம்'. போடு என்ற அந்தச் சொல்லில் ஓர் ஆள் இருக்கிறாள். 'வரையப்படுகிறது' என்றதும் அவள் காணாமல் போகிறாள்.

இத்தனைக்கும் இந்தக் கணிதத்தை ஆராய்ந்தவர்கள் தொலைவில் இல்லை. கோல வடிவங்களைக் கணினியியலின் இலக்கணமாக விளக்கிய ஆய்வுக் கட்டுரையை 1974இல் வெளியிட்டவர்கள் கிஃப்ட் சிரோமனி, ராணி சிரோமனி, கமலா கிருதிவாசன். மூவரில் இருவர் பெண்கள். பாடத்தில் மூவருமே இல்லை.

பெண்கள் ஒரே இடத்தில் வருகிறார்கள், கடைசிப் பக்கத்தில், 'பாரம்பரியத்தைக் காப்பவர்களாக'. அந்தப் பாரம்பரியம் கணவனை இழந்தவளை மங்கலக் கோலத்திலிருந்து விலக்கி வைத்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதன் கீழே செயல்பாடு: 'மாணவிகள் வீட்டில் அம்மாவிடம் கேட்டுக் கோலம் போட்டு வரவும். மாணவர்கள் கம்பிகளை எண்ணி அட்டவணைப்படுத்தவும்.' போடுவது அவள், எண்ணுவது அவன். பல துறைகளை இணைக்க வந்த பாடம், கையையும் கணக்கையும் பிரித்து ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டது.

தோழியிடம் பேசினேன். எறும்புப் பகுதி அவள் சேர்த்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. இரவு பாத்திரம் கழுவி, பிள்ளைகளைத் தூங்க வைத்த பிறகு எழுதியிருக்கிறாள்.

"உன் பேரைப் போட்டிருக்கலாமே?"

"இதுக்கெல்லாம் பேரு எதுக்குக்கா? பிள்ளைங்களுக்குப் போய்ச் சேர்ந்தா போதும்."

இந்தப் பெருந்தன்மையை நான் மதிக்கிறேன். அதே அளவுக்கு அஞ்சவும் செய்கிறேன். சமையலுக்கும் கோலத்துக்கும் இதையேதான் சொல்லி வந்தோம். விலையில்லாமல் கொடுப்பது வேறு, பெயரில்லாமல் கொடுப்பது வேறு. தாராளமாகப் பகிர்வதற்கென்றே 2002இல் வந்த கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள்கூட இதைத் தெளிவாகப் பிரிக்கின்றன. இன்று வழக்கிலுள்ள ஆறு வகைகளும் ஆக்கியவர் பெயரைக் குறிப்பிடச் சொல்கின்றன. பெயர் என்பது பெருமைக்காக மட்டும் அல்ல. பிழை இருந்தால் யாரிடம் கேட்பது என்பதற்கும், இந்த வேலையை ஒருத்தி தன் தூக்கத்திலிருந்து எடுத்துச் செய்தாள் என்பதற்கும் அதுவே சான்று. சான்று இல்லாத உழைப்பை நாளை யாரும் உழைப்பாகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

பாடத்தைத் திருத்தினேன். 'பெண்கள் கோலம் போடுகிறார்கள்' என்று தொடங்கினேன். யாரையெல்லாம் போட விடவில்லை என்பதையும் எழுதினேன். ஆய்லருக்குப் பக்கத்தில் அந்த மூவரும் வந்தார்கள். எல்லாப் பிள்ளைகளும் போட வேண்டும், எல்லாப் பிள்ளைகளும் எண்ண வேண்டும் என்று செயல்பாட்டை மாற்றினேன். முதல் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டேன்: எந்தப் பகுதி, யார் எழுதியது, யார் மாற்றியது. தொடங்கியவர் யாரென்று தெரியாததால் முதல் வரியைக் காலியாகவே விட்டேன். மொழித் திருத்தத்துக்கு நேரே என் பெயரை எழுதி அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தது. எறும்புப் பகுதிக்கு நேரே அவள் எழுதியிருந்தாள். முழுப் பெயர் அல்ல, முதலெழுத்து மட்டும்.