கொண்டாட்டமும் வரலாறும்: 'ஷாலோம் பாலிவுட்' ஆவணப்படத்தை முன்வைத்து ஒரு திறனாய்வு

திறவுச்சொற்கள்: யூத அடையாளம், திரைப்பட விழா, ஆவணப்படம், பெனே இஸ்ரேல், கொச்சி யூதர்

முன்னுரை

ஒரு சமூகத்தின் பண்பாட்டையும் வரலாற்றையும் கொண்டாடும் திரைப்பட விழாக்களுள் யூதத் திரைப்பட விழாக்கள் குறிப்பிடத்தக்கவை. 1980-இல் நிறுவப்பட்ட சான் பிரான்சிஸ்கோ விழா இவற்றுக்கு முன்னோடியாகும். இத்தகைய விழாக்களின் பார்வையாளர்க்கு இந்திய யூதக் கலைஞர்களை அறிமுகப்படுத்திய படம், டேனி பென்-மோஷே இயக்கிய 'ஷாலோம் பாலிவுட்' (2017). கொண்டாட்டம் எதை மீட்கிறது, எதை மறைக்கிறது என்பதை அப்படத்தின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

மீட்கப்பட்ட பெயர்கள்

'ராஜா ஹரிச்சந்திரா' (1913) படத்தில் தாராமதியாக நடித்தவர் ஓர் ஆண். பெண்கள் நடிப்பது இழிவெனக் கருதப்பட்ட அச்சூழலில் யூதப் பெண்கள் திரைக்கு வந்தனர். தொலைபேசி இணைப்பகத்தில் பணியாற்றிய ரூபி மையர்ஸ் சுலோச்சனா ஆனார்; எஸ்தர் ஆபிரகாம் பிரமிளா ஆனார்; புளோரன்ஸ் எசக்கியேல் நாதிரா ஆனார். புனைபெயர்களுக்குப் பின்னிருந்த இயற்பெயர்களை மீட்டதே இப்படத்தின் முதன்மைப் பங்களிப்பு.

எனினும், பெயரை மீட்பதும் அடையாளத்தை மீட்பதும் ஒன்றல்ல. பிமல் ராயின் 'யஹூதி' (1958) யூதரைப் பழைய ரோமப் பேரரசில் நிறுத்தியது. அதில் யூதத் தந்தையாக நடித்த சோராப் மோடி ஒரு பார்சி. திரையில் யூதர் தொலைதேசத்துத் தொன்மையராகத் தோன்ற, உண்மையான இந்திய யூதரோ பிற பெயர்களில் நடித்தனர். இம்முரண் பெருமிதத்தால் மட்டும் விளக்கப்படக்கூடியதன்று.

சட்டகத்திற்கு வெளியே

சுலோச்சனா பாக்தாதி மரபினர். நடிகர் டேவிட் பெனே இஸ்ரேல் மரபினர். 'இந்திய யூதர்' என்னும் ஒற்றைச் சொல் இருவரையும் இணைக்கிறது. ஆனால் பெனே இஸ்ரேல் சமூகத்தாரைத் தமக்கு இணையான யூதராக ஏற்கப் பாக்தாதியருட் பலர் தயங்கினர் என்பது வரலாறு. கொங்கணத்தில் எண்ணெய் ஆட்டி வாழ்ந்த பெனே இஸ்ரேலியர், ஓய்வுநாளில் செக்கை நிறுத்தியதால் 'சனிக்கிழமை எண்ணெய்க்காரர்' எனப்பட்டனர். அங்கே சமயத்தோடு தொழிலும் ஒரு சமூகத்தின் பெயராயிற்று. பீங்கான் தொழிலால் அறியப்படும் விருத்தாசலம் போன்ற ஊரின் வாசகர்க்கு, தொழில்வழி அடையாளம் தனி விளக்கம் வேண்டாதது.

பம்பாய்த் திரையுலகை மையப்படுத்திய இப்படத்தின் எல்லைக்குத் தெற்கே மற்றொரு வரலாறு உண்டு. ஏறத்தாழ கி.பி. 1000-இல் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பானுக்கு அஞ்சுவண்ண உரிமைகளை அளித்த செப்பேடு வட்டெழுத்தில் அமைந்தது. 1568-இல் எழுந்த மட்டாஞ்சேரிப் பரதேசி ஜெபாலயத்திலோ யூதருக்குள்ளேயே ஏற்றத்தாழ்வு நிலவியது. விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழித்தோன்றல்கள் அங்குச் சம உரிமை பெறவில்லை. அவர்களுள் ஒருவரும் சென்னையில் சட்டம் பயின்றவருமான ஏ.பி. சேலம், 20-ஆம் நூற்றாண்டில் இதனை எதிர்த்து அறவழியில் போராடினார். கோயில் நுழைவுப் போராட்டங்களை அறிந்த தமிழாய்வாளர்க்கு இது அயலார் கதையன்று.

முடிவுரை

விழா, சிதறிய சமூகத்திற்கு ஒரு பொது நினைவை வழங்குகிறது; அத்தேவை மறுக்கத்தக்கதன்று. ஆயின் உட்பகைகளையும் ஏற்றத்தாழ்வுகளையும் நீக்கிய நினைவு, அச்சமூகத்துள் ஒடுக்கப்பட்டோரை இரண்டாம் முறையும் வெளியே நிறுத்துகிறது. 'ஷாலோம் பாலிவுட்' நடிகையரின் பெயர்களை அவர்களிடமே திருப்பியளித்தது. சேலத்தின் பெயரும் செக்காட்டியோரின் தொழிலும் அதே மேடையில் பேசப்படும்போதுதான் கொண்டாட்டம் வரலாறாகும். அஞ்சுவண்ணச் செப்பேட்டைக் கல்வெட்டியல் சான்றாக மட்டும் பயின்றுவரும் தமிழாய்வுலகம், அதனைச் சமூக வரலாறாகவும் வாசிப்பதற்கு இது ஒரு வாயில்.