தூங்குகிற மாதிரி நடிக்கும் கணினி

"ஸ்லீப்ல போட்டாலும் கரண்ட் இழுக்கத்தானே செய்யும்? அதுக்கு ஒரேயடியா ஆஃப் பண்ணிடலாமே!" வீட்டுக் கணினியைப் பற்றிப் பேச்சு வந்தால் இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடும். கேள்வியில் தப்பில்லை, ஒப்பீடுதான் தப்பு. ஒழுங்காக ஆஃப் பண்ணுகிறவருக்கு ஸ்லீப் தேவையே இல்லை. "பத்து நிமிஷத்துல வந்துடுவேன்" என்று எழுந்து போய், ராத்திரி முழுக்கக் கணினியை ஓட விடுகிறாரே, அவருக்காக வந்ததுதான் ஸ்லீப். நானும் அந்தக் கட்சிதான்.

சரி, கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு சாதாரண டெஸ்க்டாப் வேலையில்லாமல் சும்மா ஓடும்போது, மானிட்டரைச் சேர்க்காமல், 50 வாட் என்று வைத்துக்கொள்வோம். ஸ்லீப்பில் 2 வாட். ஆஃப் செய்துவிட்டு சுவர் சுவிட்சை அணைக்காமல் விட்டால் 1 வாட். ஒரு நாளில் 16 மணி நேரம் அதை யாரும் தொடுவதில்லை. தமிழ்நாட்டில் நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு என்பதால் 60 நாளுக்குப் பார்க்கலாம். ஓட விட்டால் 48 யூனிட். ஸ்லீப்பில் 2 யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஆஃபில் ஏறக்குறைய 1 யூனிட்.

ஆஃபுக்கும் ஸ்லீப்புக்கும் நடுவே ஒரே ஒரு யூனிட்தான் வித்தியாசம். ஸ்லீப்புக்கும் ஓட விடுவதற்கும் நடுவே 46. பில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படியில் இருக்கிற யூனிட்டுகளுக்கும் சேர்த்து விலை ஏறுகிற ஊர் இது. அந்த விளிம்பில் இருக்கிற வீட்டுக்கு 46 யூனிட் சின்ன விஷயம் இல்லை.

ஆக, ஸ்லீப்பின் பலம் அது எடுக்கும் 2 வாட்டில் மட்டும் இல்லை. திறந்து வைத்த பத்துப் பதினைந்து ஜன்னல்களும் விட்ட இடத்திலேயே இருக்கும் என்ற நம்பிக்கையில் இருக்கிறது. அந்த நம்பிக்கை போய்விட்டால் மனுஷன் மறுபடி ஓட விடத்தான் செய்வான்.

என் விமர்சனம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து ஏசிபிஐ என்ற பொது விதிமுறையை வெளியிட்டன. அதில் எஸ்3 என்று ஒரு நிலை உண்டு. சிபியுவுக்கு மின்சாரம் நின்றுவிடும், விசிறியும் நின்றுவிடும். ராமில் இருப்பது அழியாமல் இருக்கும் அளவுக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் போகும். பல வருஷமாக நாம் ஸ்லீப் என்று சொல்லிவந்தது இதைத்தான். அது நிஜமான தூக்கம்.

2012-இல் விண்டோஸ் 8 கனெக்டட் ஸ்டாண்ட்பை என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. விண்டோஸ் 10-இல் அது மாடர்ன் ஸ்டாண்ட்பை ஆனது. போன் மாதிரி, திரை அணைந்திருந்தாலும் இணையத்தில் இருக்கலாம், தொட்டவுடன் எழுந்துவிடும். ஏசிபிஐ கணக்கில் இது எஸ்0, அதாவது கணினி விழித்திருக்கும் நிலை! எல்லா டிரைவர்களும் ஒழுங்காக நடந்துகொண்டால் மின்சாரம் மிகக் குறைவாகத்தான் போகும், அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரே ஒரு டிரைவர் அடம்பிடித்தால் போதும், பைக்குள் வைத்த மடிக்கணினி சூடாகி, வெளியே எடுக்கும்போது பேட்டரி காலியாக இருக்கும்.

புது வசதி வந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. பழையதை எடுத்துவிட்டு, பெயரை மட்டும் அப்படியே விட்டுவைத்ததுதான் பிரச்சினை. மாடர்ன் ஸ்டாண்ட்பை உள்ள பல மடிக்கணினிகளில் எஸ்3-ஐத் தேர்ந்தெடுக்கவே வழி இல்லை. மெனுவில் அதே "ஸ்லீப்" என்ற சொல், ஆனா உள்ளே வேறு சரக்கு. எது மின்சாரத்தைத் தின்றது என்று பார்க்க ஸ்லீப் ஸ்டடி என்ற அறிக்கை இருக்கிறது. மின்சாரம் மிச்சம் பிடிக்க நினைத்தவன் எதற்கு டிரைவர்களைத் துப்பறிய வேண்டும்?

இன்னொன்று, கரண்ட் கட். டெஸ்க்டாப் எஸ்3-இல் இருக்கும்போது மின்சாரம் போனால் ராமில் இருந்ததும் போச்சு. இதற்கு விண்டோஸ் விஸ்டா காலத்திலேயே ஹைபிரிட் ஸ்லீப் என்று ஒரு நல்ல தீர்வு வந்துவிட்டது. ராமில் இருப்பதன் ஒரு பிரதியை டிஸ்கிலும் எழுதிவிட்டுத்தான் தூங்கும். மின்சாரம் போய் வந்தால் டிஸ்கிலிருந்து மீண்டு வரும். நம்ம ஊருக்கென்றே செய்த மாதிரி ஒரு வசதி! ஆனால் அது எஸ்3-ஐ நம்பி நிற்பது. எஸ்3 இல்லாத கணினியில் அதுவும் கிடையாது. டிஸ்கில் எழுதிவிட்டு முழுசாக அணைந்துவிடும் ஹைபர்னேட்டையோ, விண்டோஸ் 8-இலிருந்து பவர் மெனுவில் தெரியாமல் வைத்துவிட்டார்கள். கண்ட்ரோல் பேனலுக்குள் போய்த் தேடி எடுத்து மெனுவில் சேர்க்க வேண்டும்.

உங்கள் கணினியில் எந்தத் தூக்கம் இருக்கிறது? கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து "பவர்சிஎஃப்ஜி" கட்டளையை ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு, சாய்கோடும் "ஏ" எழுத்தும் சேர்த்துப் பாருங்கள். எஸ்3 இருப்பதாகக் காட்டினால் பதினைந்து நிமிஷத்தில் ஸ்லீப் என்று வைத்துவிட்டு மறந்துவிடலாம். எஸ்0 மட்டும் என்றால், சிறு இடைவெளிக்கு ஸ்லீப், ராத்திரிக்கும் பைக்குள் வைக்கும் முன்பும் ஹைபர்னேட். எழுந்திருக்கச் சில விநாடி கூடுதலாகும், அவ்வளவுதான்.

இது பயனர் செய்துகொள்ளும் ஒட்டுவேலை. செய்ய வேண்டியவர்கள் செய்ய வேண்டியது ரொம்பச் சின்னது: இரண்டு தூக்கத்தையும் இரண்டு பெயரில் மெனுவில் வையுங்கள். எது வேண்டும் என்று நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.