மூன்றாவது கட்சிக்கு இடமுண்டா?

அமெரிக்காவில் குடியரசுக் கட்சி, ஜனநாயகக் கட்சி என்னும் இரண்டையும் விட்டால் வேறு கதியில்லையா? ஜனாதிபதித் தேர்தல் வருந்தோறும் இக்கேள்வி எழுகின்றது. மூன்றாவது கட்சிக்கு அளிக்கும் வோட்டு வீண் என்பார் ஒரு சாரார். மனச்சாட்சிப்படி வோட்டளித்தால் மாறுதல் தானே வரும் என்பார் மற்றொரு சாரார். இவ்விரு அபிப்பிராயங்களையும் சரித்திரத்தைக் கொண்டு ஆராய்வோம்.

வீண் என்பது முழு உண்மையன்று. 1892-ல் விவசாயிகளின் ஆதரவோடு தேர்தலில் இறங்கிய மக்கள் கட்சி, வருமானத்திற்கேற்ப உயரும் வரியும், செனட் சபைக்கு நேரடித் தேர்தலும் வேண்டுமென்று கோரிற்று. அதன் அபேட்சகர் ஜேம்ஸ் வீவர் பத்து லட்சத்திற்கு மேல் வோட்டுப் பெற்றும் தோற்றார். நாளடைவில் கட்சியும் மறைந்தது. ஆயினும் அவ்விரண்டிற்கும் வழி திறந்த திருத்தங்கள் 1913-ல் அரசியல் சட்டத்தில் ஏறின. விதைத்தது ஒருவர், அறுத்தது வேறொருவர்.

மனச்சாட்சி மட்டும் போதும் என்பதும் பொருந்தாது. 1992-ல் ராஸ் பெரோ நூற்றுக்கு ஏறக்குறைய 19 வோட்டுகள் பெற்றார். ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களில் ஒருவர்கூட அவருக்குக் கிட்டவில்லை. ஏறக்குறைய எல்லா மாகாணங்களிலும் முதலில் வந்தவருக்கே அனைத்துத் தேர்வாளர்களும் சேருவதே காரணம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவவில்லை. 2000-ல் பிளாரிடாவில் புஷ், கோரை வென்றது 537 வோட்டுகளால். அங்கே ரால்ப் நாடர் பெற்றதோ 97,000-க்கு மேல். அவற்றில் ஒரு சிறு பகுதி கோருக்குப் போயிருந்தால் முடிவே மாறியிருக்கும். கணக்கெழுதிப் பிழைக்கும் நமக்கு இது விளங்காத விஷயமன்று.

1854-ல் தோன்றிய குடியரசுக் கட்சி, 1860-ல் லிங்கனை ஜனாதிபதியாக்கவில்லையா என்று சிலர் கேட்பர். அடிமை முறைச் சச்சரவில் விக் கட்சி உடைந்து, இரண்டில் ஓரிடம் காலியான பிறகே அது அவ்விடத்தில் அமர்ந்தது என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

ஆகவே பழி மக்களின் அறிவைச் சாராது. தேர்தல் விதியையே சாரும். அபேட்சகர்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்தும் முறையில், முதல் விருப்பம் தோற்றால் வோட்டு அடுத்தவருக்குப் போகும். வீணாகுமென்ற அச்சம் குறையும். 2016-ல் மெயின் மாகாணத்தாரும், 2020-ல் அலாஸ்கா மாகாணத்தாரும் தம் வோட்டினாலேயே இதனை ஏற்றனர். 2024-ல் அலாஸ்காவில் இதனை நீக்க முயன்றபோது சில நூறு வோட்டுகளால் தப்பியது. அதே ஆண்டில் கொலராடோ, ஐடஹோ, நெவாடா, ஓரெகன் மக்கள் இம்முறையை மறுத்தனர்.

பாதை கரடுமுரடானதே. எனினும் நான்காண்டுக்கு ஒருமுறை தோற்பதற்கென்றே ஓர் ஆளை நிறுத்தும் கட்சி, அவ்வுழைப்பில் பாதியை இவ்விதியை மாற்றுவதில் செலவிடுமாயின், அதன் பேரன்மாராவது பயனடைவர் என்பதே நம் முடிபு.