பாதை இருந்தும் பயணி இல்லை: ஸ்டீவனேஜும் குரோனிங்கனும்

நகரங்களிலே துவிச்சக்கர வண்டியின் பாவனை குன்றியமைக்குக் காரணம் தேடுவோர் பெரும்பாலும் பாதையின் இன்மையையே சுட்டுவர். தனிப்பாதை அமைத்துக் கொடுத்தால் சைக்கிளோட்டிகள் தாமாகவே பெருகுவர் என்பது நகரத் திட்டமிடல் பற்றிய எழுத்துக்களிலே ஒரு சூத்திரமாகவே ஆகிவிட்டது. இச்சூத்திரத்தை உரைத்துப் பார்ப்பதற்கு இங்கிலாந்தின் ஸ்டீவனேஜ் நகரைவிடப் பொருத்தமான உரைகல் வேறொன்றில்லை எனலாம்.

இரண்டாம் உலகப் போரின் பின் இயற்றப்பட்ட புதிய நகரங்கள் சட்டத்தின்கீழ், 1946ஆம் ஆண்டிலே முதலாவதாகப் பிரகடனஞ் செய்யப்பட்ட நகரம் அது. லண்டனுக்கு வடக்கே ஏறத்தாழ 30 மைல் தொலைவில் உள்ளது. பழைய நகரங்களைத் திருத்தியமைப்போர்க்குத் தடையாய் நிற்கும் ஒடுங்கிய தெருக்கள் இங்கு இடர் தரவில்லை. வீதிகளை வரைந்தபோதே சைக்கிள் பாதைகளையும் வரைய முடிந்தது. அப்பணிக்குப் பொறுப்பாயிருந்த எரிக் கிளாக்ஸ்டன் என்ற பொறியியலாளர் தாமும் சைக்கிளிற் செல்லும் பழக்கமுடையவர். பிரதான வீதிகளை அடுத்து, ஆனால் அவற்றினின்றும் முற்றாகப் பிரித்து, நகர் முழுவதையும் இணைக்கும் பாதை வலையொன்றை அவர் உருவாக்கினார். பாதையின் அகலம் 12 அடி. நடந்து செல்வோர்க்கு அதனருகே வேறு பாதை. சந்திகளிலே சைக்கிளும் காரும் ஒன்றையொன்று எதிர்கொள்ள நேராதவாறு சுற்றுவட்டங்களின் கீழே சுரங்கப் பாதைகள் அமைக்கப்பட்டன.

இச்சுரங்கப் பாதைகளில் வெளிப்படும் நுட்பம் தனியே நோக்கத்தக்கது. சைக்கிளோட்டி கடந்து செல்வதற்கு லொறிக்கு வேண்டிய உயரம் வேண்டியதில்லை. ஆகவே கிளாக்ஸ்டன் மேலே செல்லும் வீதியைச் சற்று உயர்த்தி, கீழே செல்லும் பாதையைச் சிறிதளவே தாழ்த்தினார். இறங்கும்போது கிடைக்கும் வேகமே மறுபுறம் ஏறுவதற்குத் துணையாயிற்று. சைக்கிள் மிதிப்பவனுடைய காலின் உழைப்பை அறிந்த ஒருவராலேயே இவ்வாறு சிந்திக்க முடியும்.

பிறநாட்டுத் திட்டமிடலாளர் இந்நகரைப் போற்றினர். ஆயினும் ஸ்டீவனேஜ் மக்கள் அப்பாதைகளிலே பெருந்தொகையினராய்ச் செல்லவில்லை. தொடக்கத்தில் ஓரளவு இருந்த பாவனையும் கார்கள் பெருகப் பெருகத் தேய்ந்தது. 2011ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அங்கு வேலைக்குச் சைக்கிளிற் செல்வோர் நூற்றுக்கு ஏறத்தாழ மூவரே. தனிப்பாதை வலை எதுவும் அற்ற சாதாரண ஆங்கில நகரொன்றின் நிலையும் ஏறக்குறைய இதுதான்.

இத்தோல்விக்கு ஆங்கிலேயரின் மனப்பாங்கையோ அவர்தம் நாட்டு மழையையோ காரணங் கூறுதல் எளிது. அதே மழை பெய்யும் கேம்பிரிட்ஜில், அதே குடிசன மதிப்பின்படி, வேலைக்குச் செல்வோரில் கால்வாசிக்கும் மேற்பட்டோர் சைக்கிளிலேயே சென்றனர். கேம்பிரிட்ஜிலே கிளாக்ஸ்டன் அமைத்தவை போன்ற பாதைகள் இல்லை. இருந்தவை ஒடுங்கிய தெருக்களும், கார் நிறுத்த இடமின்மையும், மாணவர் கார் வைத்திருப்பதைக் கட்டுப்படுத்தும் பல்கலைக்கழக விதிகளுமே. அங்கு காரிற் செல்வது தொல்லை தருவது. ஸ்டீவனேஜிலோ அகன்ற வீதிகளும், தடையின்றிச் சுழலும் சுற்றுவட்டங்களும், போதிய தரிப்பிடங்களும் இருந்தன. சைக்கிளோட்டிக்கு நல்ல பாதை அமைத்த அதே கைகள் காரோட்டிக்கு அதனினும் நல்ல பாதையை அமைத்துக் கொடுத்தன. அவ்வாறிருக்க, கார் வாங்கும் வசதி பெற்ற தொழிலாளி அதனை வீட்டில் நிறுத்திவிட்டுச் சைக்கிளில் ஏறுவான் என எதிர்பார்த்தமையே திட்டத்தின் அடிப்படைக் குறை. இருவரையும் ஒருங்கே திருப்திப்படுத்த முனைந்த அத்திட்டம் வலியவன் பக்கமே சாய்ந்தது.

இதனைக் கிளாக்ஸ்டன் என்ற தனிமனிதரின் தவறாகக் கொள்வது பொருந்தாது. 1963இல் வெளியான கொலின் புக்கனனின் ‘நகரங்களிற் போக்குவரத்து’ என்னும் புகழ்பெற்ற அறிக்கை, வருங்காலத்தில் எத்தனை சைக்கிளோட்டிகள் எஞ்சுவர் என்பதையே ஐயத்துக்குரியதாகக் கொண்டது. கார் நகருக்கு இழைக்கும் தீங்கைத் தெளிவாக உணர்ந்த அறிக்கைகூட அதன் பெருக்கத்தைத் தவிர்க்கவியலாத விதியாகவே கருதியமை அக்காலச் சிந்தனையின் எல்லையைக் காட்டுகின்றது.

ஒல்லாந்திலும் அறுபதுகளிலே இவ்விதியே ஏற்கப்பட்டிருந்தது. அதனை அசைத்தவர் பொறியியலாளரல்லர். 1971இல் அந்நாட்டு வீதிகளில் மாண்டோர் ஏறத்தாழ 3,300 பேர். அவர்களுள் 400க்கு மேற்பட்டோர் சிறுவர். பெற்றோர் வீதிக்கு இறங்கிப் போராடினர். 1973இன் எண்ணெய் நெருக்கடி, காரில்லாத ஞாயிற்றுக்கிழமைகளை அரசின் ஆணையாலேயே மக்களுக்கு அறிமுகஞ் செய்தது. இப்பின்னணியிலேதான் குரோனிங்கன் நகரின் 1977ஆம் ஆண்டுத் திட்டத்தை விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

அத்திட்டத்திலே வியத்தகு கட்டுமானம் எதுவும் இல்லை. உள்நகர் நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குக் கார் நேரே செல்ல முடியாது. உள்நகரைச் சூழ்ந்த வீதிக்குத் திரும்பி, வேறொரு வாயிலால் நுழைய வேண்டும். சைக்கிளோட்டிக்கோ நேர்வழி திறந்தேயிருந்தது. செப்டெம்பர் மாதத்து ஓரிரவில் அறிவிப்புப் பலகைகளைக் கொண்டே இது நடைமுறைக்கு வந்தது எனலாம். கடைக்காரர் கொதித்தெழுந்தனர். திட்டத்தை முன்னெடுத்த இளம் நகரசபை உறுப்பினர் மக்ஸ் வான் டென் பேர்க் கடுங் கண்டனத்துக்கு உள்ளானார். நகரசபை பின்வாங்கவில்லை. இன்று அந்நகரினுள்ளே நிகழும் பயணங்களில் ஏறத்தாழ அரைப்பங்கு சைக்கிளிலே நிகழ்கின்றது.

குரோனிங்கன் பழைய நகர், சமதரை, பல்கலைக்கழக மாணவர் நிறைந்தது, சைக்கிட் பழக்கம் அங்கு அறாதது என்று வாதிடலாம். வாதத்தில் உண்மை உண்டு. புதிய நகராகிய ஸ்டீவனேஜுடன் அதனை ஒன்றுக்கொன்றாக நிறுத்துவது முற்றிலும் நீதியாகாது. ஆயினும் அதே பழக்கமும் சமதரையும் கொண்ட ஏனைய ஒல்லாந்து நகரங்களிலே ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் சைக்கிள் வேகமாகவே பின்வாங்கியது. பழக்கம் தன்னைத் தானே காத்துக்கொள்வதில்லை. அன்றியும், பாதைகள் பயனற்றவை என்பதும் இதனாற் பெறப்படுவதன்று. எட்டு வயதுப் பிள்ளையைப் பள்ளிக்குத் தனியே அனுப்பும் தாய்க்கு அறிவிப்புப் பலகை மட்டும் போதாது. குரோனிங்கனும் பின்னர் பாதைகளை அமைக்கவே செய்தது. அவை பயன்பட்டமைக்குக் காரணம், காரின் வசதி முன்னரே குறைக்கப்பட்டிருந்தமை.

எனினும் குரோனிங்கன் திட்டத்தையும் குறையற்றதாகக் கொள்ளலாகாது. அது கார்களை ஒழிக்கவில்லை; உள்நகரினின்றும் வெளியே தள்ளியது. உள்நகரம் அமைதி பெற, அதன் விலை சுற்றுவீதியின்மேல் விழுந்தது. இத்திட்டத்தைப் போற்றி எழுதுவோர் அச்சுற்றுவீதியோரத்து வீடுகளில் வாழ்வோரைப் பற்றி அருமையாகவே எழுதுகின்றனர்.